காரின் கால்மிதியைத் திருத்துவோர் கவனத்துக்கு

டோர்செட் பார்க் பகுதியில் குடியிருக்கும் எம்மவர் பலருக்குக் கார் ஓர் ஆடம்பரப் பொருள் அன்று. 401 நெடுஞ்சாலையால் வேலைக்குப் போவதற்கும், கென்னடி வீதிக் கடைகளில் சாமான் வாங்குவதற்கும், பிள்ளைகளை வகுப்புகளுக்கு ஏற்றி இறக்குவதற்கும், கோயிலுக்குப் போய் வருவதற்கும் அதுவே துணை. 2023 ஆம் ஆண்டு யூலை 24 ஆம் திகதி எல்ஸ்மியர் நிலையத்துக்கு அண்மையில் ரயில் தடம் புரண்ட பின்னர் ஸ்காபரோவின் பழைய ரயில் பாதை மீண்டும் திறக்கப்படவேயில்லை. குளிரில் பஸ்ஸுக்குக் காத்து நிற்க இயலாத முதியோர் உள்ள வீடுகளில் காரின் தேவை அதனால் மேலும் கூடியது.

எஞ்சின் ஓடும்வரை காரைக் கைவிடாமல் வைத்திருப்பது சிக்கனமான குடும்பங்களின் வழக்கம். அத்தகைய காரின் உட்புறத்தில் முதலிற் கிழிவது சாரதியின் காலடியில் உள்ள கால்மிதிதான். தேங்காய்ச் சிரட்டை அளவுக்கு ஓட்டை விழுந்த கால்மிதியோடு ஓடும் கார்களை எந்தத் தரிப்பிடத்திலும் காணலாம். அந்தக் காருக்கென்றே செய்த புதிய கால்மிதிகள் ஒரு தொகுதி வாங்கப் போனால் நூறு டொலருக்கு மேலும் கேட்கிறார்கள். வீட்டில் ஊசியும் நூலும் பசையும் இருக்க எதற்கு இந்தச் செலவு என்று நினைப்பது நியாயமே. திருத்தலாம், நன்றாகவே திருத்தலாம். ஆனால் சாரதியின் கால்மிதி, வீட்டு வாசலிற் போடும் கால்மிதியைப் போன்றதன்று. அது பிறேக்குக்கும் வேகப் பெடலுக்கும் அடியிற் கிடப்பது. அது அழகாக இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. அசையாமல் இருக்கிறதா என்பதே முதற் கேள்வி.

நான்கு உயிர்கள்

2009 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 28 ஆம் திகதி அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் டியேகோ நகருக்கு அருகே, ஒரு குடும்பம் லெக்சஸ் கார் ஒன்றிற் சென்றுகொண்டிருந்தது. அது அவர்களுடைய கார் அன்று. சொந்தக் கார் திருத்த வேலைக்கு நின்றதால் விற்பனை நிலையம் இரவலாகக் கொடுத்த கார். ஓட்டியவர் நெடுஞ்சாலைக் காவற்படையில் நீண்ட காலம் கடமையாற்றிய அதிகாரி. வாகனம் ஓட்டுவதில் அவரை அனுபவமற்றவர் என்று சொல்ல முடியாது. மனைவி, 13 வயது மகள், மனைவியின் சகோதரர் ஆகியோர் உடனிருந்தனர். வேகப் பெடல் அழுந்தியபடியே நின்றுவிட்டது. கார் மணிக்கு 160 கிலோமீற்றருக்கு மேல் ஓடி, சந்தியில் இன்னொரு வாகனத்தில் மோதி, தடுப்பைத் தாண்டி விழுந்து எரிந்தது. நால்வரும் இறந்தனர். பிறேக் கட்டைகள் வெந்து உருகும்வரை அவர் பிறேக்கை அழுத்தியிருந்தார் என்பது பின்னர் தெரியவந்தது.

விசாரணை செய்தவர்கள் கண்டது யாது? வேறொரு மாதிரி வண்டிக்கெனச் செய்த தடித்த இறப்பர்க் கால்மிதி அந்தக் காரிற் போடப்பட்டிருந்தது. அதைத் தரையோடு பிடிக்கும் கொழுக்கிகளில் அது கொழுவப்பட்டிருக்கவில்லை. முன்னோக்கி நகர்ந்த கால்மிதியின் விளிம்பு வேகப் பெடலைப் பிடித்துக்கொண்டது. அதே காரைச் சில நாட்களுக்கு முன் இரவல் பெற்ற இன்னொருவருக்கும் இதுவே நேர்ந்திருந்தது. அவர் கியரை நியூற்றலுக்கு மாற்றி, வண்டியை ஓரங்கட்டி, பெடலை விடுவித்துத் தப்பினார். காரைத் திருப்பிக் கொடுக்கும்போது அங்கிருந்த ஊழியரிடம் சொல்லியும் இருந்தார். கால்மிதி மாற்றப்படவில்லை.

ரொயோட்டா நிறுவனம் 2007 ஆம் ஆண்டிலேயே இவ்வகைக் கால்மிதிகள் 55,000 ஐத் திரும்பப் பெற்றிருந்தது. இந்த விபத்தின் பின்னர், 2009 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 38 இலட்சம் கார்களின் உரிமையாளரிடம் சாரதியின் பக்கக் கால்மிதியை உடனே அகற்றும்படி கேட்டுக்கொண்டது. குற்றம் மின்னணுக் கருவியில் இருக்கலாம் என்ற ஐயமும் எழுந்தது. விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவின் பொறியியலாளர்களும் சேர்ந்து ஆராய்ந்து, அப்படியொரு மின்னணுக் குற்றத்தைக் காணவில்லை என 2011 ஆம் ஆண்டு பெப்ரவரியில் அறிக்கை வெளியானது. கால்மிதியிற் சிக்கும் பெடலும், தானாக மேலெழத் தயங்கும் பெடலுமே அறியப்பட்ட காரணங்களாக நின்றன. திருத்த வேலையின்போது பல கார்களில் வேகப் பெடலின் அடிப்பகுதியை வெட்டிக் குறுக்கினார்கள். பெடலுக்கும் கால்மிதிக்கும் இடையே உள்ள இடைவெளி எவ்வளவு பெறுமதியானது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

கால்மிதிக்கு ஒட்டுப் போடுபவர் மனதிற் கொள்ள வேண்டியது இதுதான். அந்த இடைவெளியைக் குறைக்கும் எந்தத் திருத்தமும் திருத்தம் ஆகாது.

தேய்வதும் நனைவதும்

வண்டி ஓட்டும்போது வலது குதிக்கால் ஓரிடத்தில் ஊன்றி நிற்க, பாதம் மட்டும் இரு பெடல்களுக்கும் இடையே திரும்பித் திரும்பிப் போய் வருகின்றது. சப்பாத்தோடு வரும் மணலும் உப்புக் கல்லும் அந்த இடத்தில் அரத்தாள் போல வேலை செய்கின்றன. ஆகவே ஓட்டை எப்போதும் அதே இடத்தில்தான் விழும்.

வீதியிற் கொட்டும் உப்பின் வேலை இத்துடன் முடிவதில்லை. ஒன்ராறியோவில் உப்புக்குப் பஞ்சமில்லை. ஹியூரன் ஏரியின் அடியில் 1,800 அடி ஆழத்திலுள்ள கோட்ரிச் சுரங்கம் உலகின் மிகப் பெரிய நிலக்கீழ் உப்புச் சுரங்கம். ஆனையிறவு உப்பை வீட்டிற் பானையில் வைத்திருந்தவர்களுக்கு, மாரி காலத்தில் அது கசிந்து நீராவது நினைவிருக்கும். வீதி உப்பின் குணமும் அதுவே. கடுங்குளிரில் சாதாரண உப்பு நன்கு வேலை செய்யாதென்பதால் கல்சியம் குளோரைட்டையும் சேர்ப்பதுண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தை மேலும் பலமாக இழுத்துத் தானே நீராகிவிடும். எனவே உப்பு ஊறிய கால்மிதியும் அதன் கீழுள்ள கம்பளமும் இலகுவிற் காய்வதில்லை.

இதனால் மூன்று தீமைகள் உண்டு. முதலாவது, ஈரம் ஆவியாகிக் கண்ணாடிகளின் உட்புறத்தை மறைக்கின்றது. இரண்டாவது, பூஞ்சணம் பிடித்துத் துர்நாற்றம் எழுகின்றது; ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு இது ஆகாது. மூன்றாவது, பழைய கார்களின் தரைத் தகடு துருப்பிடித்து ஓட்டையாகலாம். புகைக்குழாயும் பழுதாகி இருந்தால் காபன் மொனொக்சைட்டு அவ்வழியே உள்ளே வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. காரில் ஏறியதும் தலையிடியும் குமட்டலும் வந்து, இறங்கியதும் குறைந்தால் சந்தேகப்பட வேண்டும். அத்தகைய காரைத் திருத்தும்வரை ஓடக் கூடாது.

ஆகவே ஒட்டுப் போடுமுன் கால்மிதியை வெளியே எடுத்து, உதறி, இளஞ்சூடான நீரில் உப்பைக் கழுவ வேண்டும். எஞ்சும் வெண்கறைக்கு வெள்ளை வினாகிரியும் இளஞ்சூட்டு நீரும் சம அளவிற் கலந்து தேய்க்கலாம். பின்னர் முற்றாகக் காயவிட வேண்டும். ஈரத்தின் மேலோ உப்பின் மேலோ எந்தப் பசையும் பிடிக்காது.

துணிக் கால்மிதியைத் திருத்தும் முறை

ஓட்டையின் மேல் ஒரு துண்டை வைத்து ஒட்டிவிடுவதே பலரும் செய்வது. அது சரியன்று. மேலே எழுந்து நிற்கும் விளிம்பிற் குதிக்கால் தடக்கும். சில வாரங்களில் விளிம்பு கிளம்பும். பின்னர் அதில் சப்பாத்து மாட்டும். துண்டை மேலே வைக்காமல் உள்ளே பொருத்துவதே நல்ல முறை.

1. தேய்ந்த பகுதியைச் சுற்றி நல்ல துணி தொடங்கும் இடம்வரை ஒரு சதுரம் வரைந்து, மூலைகளை வளைவாக்கி, கூரிய கத்தியால் அடி இறப்பரோடு சேர்த்து வெட்டி எடுக்கவும்.

2. வெட்டிய துளையைக் கடதாசியில் அச்செடுத்து, அதே அளவில் ஒரு துண்டு வெட்டவும். இதற்குச் சிறந்தது பின் இருக்கைக் கால்மிதியில் எவரும் மிதியாத மூலை. தடிப்பும் நிறமும் ஒத்திருக்கும். இழை சாயும் திசையும் ஒன்றாக இருக்கட்டும்.

3. இரண்டையும் கவிழ்த்துப் பொருத்தி வைத்து, துளையைவிட எல்லாப் பக்கமும் 2 அங்குலம் பெரிய மெல்லிய கன்வஸ் துணியை அடிப்புறத்தில் ஒட்டவும். இரு பக்கமும் பூசி ஒட்டும் பசையே இதற்கு ஏற்றது. இரண்டு பரப்பிலும் பூசி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம்வரை பொறுத்து, பின் சேர்த்து அழுத்த வேண்டும். ஒருமுறை சேர்த்தால் நகர்த்த முடியாது.

4. இணைப்பைச் சுற்றிச் சப்பாத்துத் தைக்கும் நைலோன் நூலால் நெருக்கமாகத் தைக்கவும். முடிச்சுகள் கீழ்ப்புறத்தில் இருக்க வேண்டும். கையாற் தைக்க இயலாதவர்கள் சப்பாத்துத் திருத்தும் கடையிற் கொடுத்துத் தைப்பிக்கலாம்.

5. பாரம் வைத்து ஒரு நாள் முழுவதும் அறைச் சூட்டில் விடவும்.

அடிப்புறத்தில் உள்ள சிறு முட்களைக் கன்வஸ் மறைக்குமாயின் அத்துண்டைச் சிறிதாக்க வேண்டும். கால்மிதி வழுக்காமல் நிற்பது அம்முட்களாலும் தான். இன்னொன்று: இவ்வகைப் பசையின் ஆவி தலைசுற்றலைத் தருவது, தீப்பற்றக் கூடியது. நிலக்கீழ்த் தரிப்பிடத்திலோ, சூடேற்றியின் அருகிலோ, குழந்தைகள் உறங்கும் அறையிலோ இவ்வேலையைச் செய்யக் கூடாது. யன்னலைத் திறந்து வைக்கக்கூடிய ஒரு நாளைத் தெரிந்தெடுக்கவும்.

இறப்பர்க் கால்மிதி

சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டவர்களுக்கு இந்த வேலை பழக்கமானது. வெடிப்பின் கீழ்ப்புறத்தை அரத்தாளாற் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, சொலூசன் பூசி, காயவிட்டு, பழைய ரியூப்பில் வெட்டிய துண்டை அழுத்தி ஒட்டலாம். உண்மையான இறப்பருக்கே இது பொருந்தும். இக்காலத்தில் இறப்பர் போலத் தோன்றும் பல கால்மிதிகள் ஒருவகைப் பிளாஸ்ரிக்கால் ஆனவை. அவற்றிற் சொலூசன் நின்று பிடிக்காது. ஓரத்தில் ஒரு சிறு துண்டை ஒட்டிப் பார்த்து, மறுநாள் இழுத்துப் பார்த்தால் விளங்கிவிடும். குதிக்கால் படும் இடத்தில் வெடித்த பிளாஸ்ரிக் கால்மிதியைத் திருத்த முயல்வது வீண் வேலை.

கொழுக்கியும் துளையும்

பெரும்பாலான கார்களில் சாரதியின் ஆசனத்துக்கு முன்னே தரையில் ஒன்று அல்லது இரண்டு கொழுக்கிகள் உண்டு. கால்மிதியின் துளைகள் அவற்றிற் பொருந்தவேண்டும். துளை கிழிந்திருந்தால் உலோகக் கண்வளையம் ஒன்றை அடித்துப் பலப்படுத்தலாம். துளையைச் சுற்றியுள்ள துணியே உக்கியிருந்தால் அந்தக் கால்மிதி முடிந்தது என்று கொள்ளவேண்டும். கொழுக்கி தொலைந்திருந்தால் காரின் மாதிரியையும் ஆண்டையும் சொல்லி உதிரிப்பாகக் கடையில் வாங்கலாம். சிறு செலவுதான். கம்பி கட்டுவதும் ஆணி அடிப்பதும் இருபக்க ஒட்டுநாடாவை நம்புவதும் கொழுக்கிக்கு ஈடாகா.

கால்மிதி இல்லாமல் கார் பாதுகாப்பாகவே ஓடும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதன் தரையில் ஏற்கெனவே கம்பளம் உண்டு. பழையதைத் திருத்தி முடியும்வரையோ, பொருத்தமான புதியது கிடைக்கும்வரையோ சாரதியின் பக்கத்தை வெறுமையாக விடுவதில் அழுக்குச் சேர்வதைத் தவிர வேறு நட்டமில்லை.

செய்யக் கூடாதவை

கிழிந்த கால்மிதியின் மேல் இன்னொன்றைப் போடக் கூடாது. பனிக்காலத்தில் துணிக் கால்மிதியை எடுக்காமல் அதன் மேலே இறப்பர்க் கால்மிதியைப் போடுவது வழக்கமாகிவிட்டது. மேலுள்ளது கொழுக்கிக்கு எட்டாது, உயரமும் கூடிவிடும். இரண்டில் ஒன்று வெளியே வரவேண்டும். பயணிகளின் பக்கக் கால்மிதியைச் சாரதியின் பக்கத்துக்கு மாற்றுவதும், கவிழ்த்துப் போடுவதும், உருகிய பனிநீரை உறிஞ்சுவதற்கென்று பழைய துவாயையோ அட்டைப் பெட்டியையோ பத்திரிகையையோ சாரதியின் காலடியில் விரிப்பதும் தவறு. மலிவு விலையில் விற்கும் "எல்லாக் காருக்கும் பொருந்தும்" கால்மிதி எந்தக் காருக்கும் சரியாகப் பொருந்தாது. வெட்டி அளவாக்கிய பின்னும் கொழுவ இடமில்லையானால் அது பின் இருக்கைக்கே உரியது.

சோதனை

திருத்திய கால்மிதியைப் போட்டதும், எஞ்சினை நிறுத்திய நிலையில், கைப்பிறேக்கைப் போட்டுக்கொண்டு வேகப் பெடலைத் தரைவரை அழுத்தி விட வேண்டும். அது எதிலும் தட்டாமல், தயங்காமல், தானே மேலே வர வேண்டும். பின்னர் கால்மிதியைக் குதிக்காலால் முன்னோக்கித் தள்ளிப் பார்க்க வேண்டும், அசையக் கூடாது. பனிச் சப்பாத்து அணிந்தும் இதனை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். முன் விளிம்பு சுருண்டு எழுந்து நின்றால், கவிழ்த்துப் போட்டுப் பாரம் வைத்து இரண்டு நாள் அறைச் சூட்டில் விடலாம். அப்பொழுதும் நிமிராவிட்டால் குப்பைக்கே அது தகும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு

எம்மவரிடையே நீரிழிவு அதிகம் என்பது எல்லோரும் அறிந்ததே. பல ஆண்டுகள் நீரிழிவு உள்ளவர்களிற் சிலருக்குப் பாத நரம்புகள் தாக்கப்பட்டு, உணர்ச்சி மெல்ல மெல்லக் குறைகின்றது. விறைப்பு, எரிவு, பஞ்சில் நடப்பது போன்ற உணர்வு ஆகியன இதன் அறிகுறிகள். செருப்புக் கழன்றதைக்கூடச் சிலர் உணர்வதில்லை. பாதம் எந்தப் பெடலில் இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறது, காலடியில் கால்மிதி மடிந்திருக்கிறதா என்பதெல்லாம் நல்ல பாதம் கண்ணால் பாராமலே அறிவது. உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு அந்த அறிவு இல்லை. இத்தகையோர் தம் வைத்தியரிடம் வண்டி ஓட்டுவதைக் குறிப்பிட்டுச் சொல்லிப் பாதங்களைச் சோதிப்பிக்க வேண்டும். குதியைப் பிடிக்காத செருப்போடு எவரும் வண்டி ஓட்டலாகாது. கோயிலிலிருந்து புறப்படும் அவசரத்தில் செருப்பைக் கழற்றிச் சாரதியின் காலடியில் எறிந்துவிட்டு வெறுங்காலோடு ஓட்டுவதும் ஆபத்தானதே. உருண்டு போன செருப்பு பிறேக் பெடலின் கீழே போய்க் கிடக்கும்.

பெடல் சிக்கிக்கொண்டால்

இதனை வீட்டில் வண்டி ஓட்டும் ஒவ்வொருவரும் மனதில் வைத்திருக்க வேண்டும். முதலில் பிறேக்கை இரு கால்களாலும் உறுதியாக அழுத்தி, விடாமல் பிடிக்க வேண்டும். விட்டு விட்டு அழுத்தக் கூடாது. எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது பிறேக்குக்கு உதவும் உறிஞ்சு சக்தி மீண்டும் சேராது. ஒவ்வொரு முறை விடும்போதும் இருப்பதும் குறையும். அடுத்ததாகக் கியரை நியூற்றலுக்கு மாற்ற வேண்டும். எஞ்சின் பெரிதாக இரையும்; இரையட்டும். சக்கரங்களுக்குச் சக்தி போகாது. பின்னர் ஓரத்துக்கு எடுத்து, நின்ற பிறகே எஞ்சினை நிறுத்த வேண்டும். ஓடும்போது சாவியை முற்றாகத் திருப்பினால் ஸ்ரியரிங் பூட்டிக்கொள்ளக் கூடும். பொத்தானை அழுத்தி எஞ்சினை இயக்கும் கார்களில், ஓட்டத்தில் நிறுத்துவதற்குப் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும் அல்லது பலமுறை அழுத்த வேண்டும். காருக்குக் கார் இது வேறுபடும். கைநூலில் அந்தப் பக்கத்தை இன்றே வாசித்து வைப்பது நல்லது. எக்காரணம் கொண்டும், கார் ஓடிக்கொண்டிருக்கும்போது குனிந்து கையாற் கால்மிதியை இழுக்க முயலக் கூடாது. பிறேக்கும் வேகப் பெடலும் ஒன்றாக அழுத்தப்பட்டால் எஞ்சினின் சக்தியைக் குறைக்கும் அமைப்பு புதிய கார்கள் பலவற்றில் உண்டு. பழைய கார்கள் பலவற்றில் இல்லை.

ஆண்டில் இருமுறை

கால்மிதிகளைப் பார்ப்பதற்கு ஆண்டில் இரண்டு நாட்களைக் குறித்து வைத்துக்கொண்டால் போதும். சரஸ்வதி பூசையை ஒட்டிக் காரையும் கழுவித் துடைத்துப் பொட்டு வைக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. அந்நேரம் துணிக் கால்மிதியை எடுத்துவிட்டுப் பனிக்காலக் கால்மிதியைக் கொழுவலாம். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, பனி முடிந்ததும், பனிக்காலக் கால்மிதியை எடுத்து, உப்பைக் கழுவி, கீழுள்ள கம்பளத்தைக் காயவைத்து, தரைத் தகட்டையும் தட்டிப் பார்க்கலாம்.

வீட்டில் புதிதாக வண்டி ஓட்டப் பழகும் பிள்ளைகள் இருந்தால் அந்த இரண்டு நாட்களிலும் அவர்களையும் கூட வைத்துக்கொள்வது நல்லது. கொழுக்கி எங்கே இருக்கிறது, நியூற்றல் எங்கே இருக்கிறது என்பவற்றை நின்ற காரில் ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்த பிள்ளைக்கு, ஓடும் காரில் தேட வேண்டி வராது.